அந்தமான்: செல்லுலார் சிறை, ஜாலி பாய் இரண்டையும் ஆறு நாளில் எப்படி அடக்குவது?

#1 புதூர் செல்வி

எல்லோருக்கும் வணக்கம். அரையாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு அந்தமான் கிளம்புகிறோம். நான், கணவர், ஏழாவது படிக்கும் பையன், மூன்றாவது படிக்கும் பெண், கூடவே மாமனார் மாமியார். மாமனாருக்கு முழங்கால் வலி உண்டு, மற்றபடி நன்றாக நடப்பார். அவருக்குச் செல்லுலார் சிறையைப் பார்த்தே ஆகணும். பிள்ளைகளுக்குப் பவளப்பாறையும் மீனும். மொத்தம் ஆறு நாள்.

ஏஜென்ட் கொடுத்த திட்டம் இது: முதல் நாள் மதியம் இறங்கியதும் சிறை, சாயங்காலம் அங்கேயே ஒலி-ஒளிக் காட்சி. மறுநாள் ராஸ் தீவும் நார்த் பேயும். அப்புறம் மூன்று நாள் ஹேவ்லாக், நீல் தீவுகள். ஆறாம் நாள் திரும்பணும். ஜாலி பாய் தீவைப் பற்றிக் கேட்டால், "அது வேண்டாம் மேடம், பெர்மிட் தொந்தரவு, அங்கே ஆக்டிவிட்டி ஒன்றும் கிடையாது" என்கிறார். போனவர்கள் சொல்லுங்கள். சின்னப் பெண்ணைத் தூக்குமேடை இருக்கிற இடத்துக்குக் கூட்டிப் போகலாமா என்றும் ஒரு யோசனை.

#2 அபர்தீன் பஜார்

செல்வி அக்கா, நான் போர்ட் பிளேர்க்காரன். (2024 செப்டம்பரிலிருந்து ஊர் பெயர் ஸ்ரீ விஜய புரம். டிக்கெட்டில் எது இருந்தாலும் ஊர் ஒன்றுதான். இங்கே பேச்சில் பழைய பெயர் இன்னும் போகவில்லை.) தாத்தா காலத்தில் கப்பலேறி வந்த குடும்பம்.

ஏஜென்ட் சொன்னதில் பாதி சரி. ஜாலி பாயில் ஆக்டிவிட்டி கிடையாது. ஜெட் ஸ்கீ இல்லை, பனானா போட் இல்லை, டீக்கடைகூட இல்லை. அதனால்தான் போகச் சொல்கிறேன்.

அந்தத் தீவு மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. 1983இல் அறிவித்தார்கள். 15 தீவுகளும் நடுவில் இருக்கிற கடலும் சேர்த்து 281 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இவ்வளவு பெரிய இடத்தில் பயணிகளை விடுவது இரண்டே தீவுக்குத்தான்: ஜாலி பாய், ரெட் ஸ்கின். அதுவும் மாறி மாறித்தான். ஒன்று திறந்திருக்கும்போது மற்றது மூடியிருக்கும். நீங்கள் வருகிற டிசம்பரில் ஜாலி பாய் முறை. மழைக்காலம் பக்கம் வருகிறவர்களுக்கு ரெட் ஸ்கின். திங்கட்கிழமை விடுமுறை, அதைப் பார்த்து நாள் குறியுங்கள்.

பெர்மிட் வனத்துறையிடம் முன்கூட்டியே எடுக்கணும். நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு. டிசம்பர் கடைசி வாரம் சீக்கிரம் தீர்ந்துவிடும். இதைத்தான் ஏஜென்ட் தொந்தரவு என்கிறார். வேறொன்றும் இல்லை.

படகு கிளம்புவது வண்டூரிலிருந்து. நகரத்திலிருந்து 30 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. படகுகள் காலையில்தான் போகும், தாமதமாக வந்தால் கரையில் நின்று கையாட்ட வேண்டியதுதான்.

#3 வீக்கெண்ட் வாசு

மாற்றுக் கருத்து சொல்ல ஒருவர் வேணுமே, நான் சொல்கிறேன். ஜாலி பாய்க்கு முழு நாள் காலி. விடியற்காலையில் எழுப்பி, கார், படகு, அப்புறம் குட்டிப் படகு என்று மாற்றி மாற்றி ஏறணும். தீவில் இருக்க விடுவதோ சில மணி நேரம்தான். ஹேவ்லாக்கில் எலிஃபன்ட் பீச் போனால் இடுப்பளவு தண்ணீரிலேயே மீன் பார்க்கலாம், குழந்தைகள் குஷியாகிவிடும். நாங்கள் அப்படித்தான் செய்தோம், குறை ஒன்றும் இல்லை.

சிறையையும் ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கலாம். மேலே ஏறினால் கடல் வியூ அருமை.

#4 முத்துநகரான்

வாசு, கோபித்துக்கொள்ளாதீர்கள். "இடுப்பளவு தண்ணீரில் மீன்" என்றால் கால் எங்கே ஊன்றுகிறீர்கள்? மணலில் என்றால் சரி. பாறைமேல் என்றால் அது பாறை இல்லை, உயிர்.

தூத்துக்குடிக்காரன், அதனால் சொல்கிறேன். எங்கள் பக்கம் மன்னார் வளைகுடாவில் 21 தீவு. ஒரு காலத்தில் பவளப்பாறையை வெட்டி வள்ளத்தில் ஏற்றி வந்து சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் விற்றார்கள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. 1986இல் தேசியப் பூங்கா என்று அறிவித்த பிறகும் வெட்டுவது உடனே நிற்கவில்லை. விளைவு என்ன? அலையைத் தடுக்கப் பாறை இல்லாமல் தீவே கரைந்தது. பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்று இரண்டு தீவு தண்ணீருக்குள் போய்விட்டது. வான் தீவு பாதிக்கு மேல் சுருங்கி, இப்போது செயற்கைப் பாறை இறக்கிக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

உருண்டைப் பவளம் வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஒரு குடம் அளவு இருந்தால் அதற்கு உங்கள் அப்பா வயசு இருக்கும். மான்கொம்புப் பவளம் வேகமாக வளரும், ஆனால் ஒரு மிதியில் ஒடியும்.

ஜாலி பாயில் கண்ணாடி அடிப் படகு, ஆள் கணக்கு, பிளாஸ்டிக் சோதனை எல்லாம் எரிச்சல்தான். எங்கள் கடலுக்கு அந்த எரிச்சல் முப்பது வருஷம் முந்தி வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

#5 ஓய்வுபெற்ற வாத்தியார்

அம்மா செல்வி, உங்கள் மாமனார் பொருட்டு எழுதுகிறேன். வரலாறு சொல்லிக்கொடுத்த பழக்கம், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இறங்கிய அன்றே சிறைக்குப் போகாதீர்கள். சென்னையிலிருந்து விடியற்காலை விமானத்துக்கு ராத்திரி தூக்கத்தைத் தொலைத்திருப்பீர்கள். அந்தக் களைப்போடு போனால் சிவப்புச் செங்கல் சுவரும் கம்பிக் கதவும்தான் தெரியும். மறுநாள் காலையில் திறந்தவுடன் போங்கள். மதியம் இடைவேளை விடுவார்கள், அதற்குள் நிதானமாகப் பார்த்துவிடலாம்.

கட்ட ஆரம்பித்தது 1896, முடித்தது 1906. நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து ஏழு கிளை. மூன்று மாடி. இன்று நிற்பது மூன்று கிளைதான். 1941 ஜூனில் வந்த நிலநடுக்கம், ஜப்பானியர் ஆட்சி, சுதந்திரத்துக்குப் பின் இடித்தது என்று மற்றவை போயின. இடித்த இடத்தில் கோவிந்த வல்லப பந்த் பெயரில் அரசு மருத்துவமனை நிற்கிறது. மிச்சத்தையும் இடித்திருப்பார்கள். அங்கே அடைபட்டிருந்தவர்களே எதிர்த்து நின்று காப்பாற்றினார்கள். 1979 பிப்ரவரி 11 அன்று பிரதமர் மொரார்ஜி தேசாய் தேசிய நினைவுச் சின்னமாக அர்ப்பணித்தார்.

உள்ளே போனால் எல்லோரும் நேராக மேல்மாடியில் சாவர்க்கர் இருந்த அறைக்குப் போய்ப் படம் எடுத்துவிட்டு இறங்குகிறார்கள். நீங்கள் கீழ்த்தளத்தில் ஏதாவது ஓர் அறை வாசலில் நில்லுங்கள். 13.5 அடி நீளம், 7 அடி அகலம். பின்சுவரில் எட்டாத உயரத்தில் ஒரு சின்னச் சாளரம். அப்புறம் தாழ்ப்பாளைப் பாருங்கள். கதவில் பூட்டு இருக்காது. இரும்புத் தண்டு ஒன்று கதவைத் தாண்டி நீண்டு, தள்ளியிருக்கிற சுவர்க் குழிக்குள் போய் முடியும். பூட்டு அங்கே. கம்பிக்குள்ளிருந்து தோள்வரை கையை நீட்டினாலும் விரல் படாது. உங்கள் பையனை உள்ளே நிறுத்தி நீட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாதது அந்த இடத்தில் விளங்கிவிடும்.

இன்னொன்று. ஒரு கிளையின் வாசல்கள் அடுத்த கிளையின் முதுகைத்தான் பார்த்திருக்கும். எதிரில் ஒரு முகமும் தெரியக் கூடாது என்றே அப்படிக் கட்டினார்கள். சாவர்க்கரின் அண்ணன் கணேஷும் அதே சிறையில்தான் இருந்தார். தம்பிக்கு அது தெரியவே வெகுநாள் ஆயிற்று.

#6 வீக்கெண்ட் வாசு

வாத்தியார் ஐயா, தாழ்ப்பாளை நான் கவனிக்கவே இல்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நம்ம வ.உ.சி. செக்கிழுத்தது அங்கேதானே? அந்தச் செக்கைப் பார்த்துப் படம் எடுத்தேன்.

#7 ஓய்வுபெற்ற வாத்தியார்

இல்லை தம்பி. இது பலரும் நினைத்துக்கொண்டிருப்பது. 1908இல் நீதிபதி பின்ஹே அவருக்கு விதித்தது நாடு கடத்தல் தண்டனைதான், இரண்டு ஆயுள். மேல்முறையீட்டில் அது குறைந்தது. அவர் இருந்தது கோயம்புத்தூர், கண்ணூர் சிறைகளில். செக்கிழுத்தது கோவையில். 1912 டிசம்பரில் வெளியே வந்தார். அந்தச் செக்கு இப்போது சென்னையில் கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் இருக்கிறது. அந்தமான் போக முடியாதவர்கள் அதையாவது ஒரு நடை போய்ப் பார்க்கலாம், பஸ் கட்டணம்தான் செலவு.

அந்தமான் செக்கு வேறு கதை. நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்டணும். மாடுகூட அவ்வளவு இழுக்காது என்று அங்கே இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். குறைந்தால் அடி, நின்றபடி கைவிலங்கு. 1912இல் இந்து பூஷண் ராய் தூக்குப் போட்டுக்கொண்டார். உல்லாஸ்கர் தத் மனம் பேதலித்துப் போனார். 1933 உண்ணாவிரதத்தில் மூன்று பேர் செத்தார்கள்: மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மைத்ரா. வலுக்கட்டாயமாக மூக்கு வழியாகப் பால் ஊற்றினார்கள், அது நுரையீரலுக்குப் போய்விட்டது. சிறைக்கு எதிரே இருக்கிற பூங்காவில் இவர்கள் சிலை இருக்கிறது. பெரும்பாலும் அங்கே ஐஸ்கிரீம் சாப்பிடுகிறவர்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

#8 காவேரிக்கரை

சாவர்க்கர் பேச்சு வந்துவிட்டதால் கேட்கிறேன், அந்த மன்னிப்புக் கடிதங்கள் பற்றி அங்கே ஏதாவது பலகை இருக்கிறதா, இல்லை

#9 மட்டுறுத்துநர்

காவேரிக்கரை, இது பயணப் பகுதி. அந்த விவாதத்துக்கு வரலாற்றுப் பகுதியில் ஏற்கெனவே ஓர் இழை ஓடுகிறது, அங்கே போங்கள். இங்கே தொடர்ந்தால் நீக்கப்படும். மற்றவர்கள் தொடரலாம்.

#10 ஈரநிலம்

கடல் உயிரியல் படிக்கிறேன். ஜாலி பாய் போகலாமா என்பதற்கு முன்னால், என்ன எதிர்பார்த்துப் போகணும் என்று சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இன்ஸ்டாகிராம் படத்தைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் "ஒன்றுமே இல்லை, எல்லாம் சாம்பல் நிறம்" என்று திரும்பி வந்து எழுதுகிறார்கள்.

பவளத்துக்கு நிறம் தருவது அதன் உடம்புக்குள் குடியிருக்கிற நுண்பாசி. சாப்பாட்டில் பெரும்பகுதி தருவதும் அதுதான். கோடை உச்ச வெப்பத்தைவிடத் தண்ணீர் ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரம் நின்றால் போதும், பவளம் பாசியை வெளியே தள்ளிவிடும். அதுதான் வெளுப்பு. வெளுத்தவுடன் செத்துப்போவதில்லை. சீக்கிரம் தண்ணீர் குளிர்ந்தால் பாசி திரும்பி வரும். இல்லையென்றால் பட்டினிச் சாவு, அப்புறம் மேலே பச்சைப் பாசி படர்ந்து, உதிர்ந்து, குப்பை மேடாகும். அந்தமானில் 1998, 2010, 2016 எல்லாம் கெட்ட வருஷங்கள். 2010 ஏப்ரல், மே மிக மோசம்.

அதனால் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது உடைந்த குச்சிகள் நிறைய தெரியும். அது சுனாமியா, வெப்பமா, நங்கூரமா என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் குச்சிகளுக்கு நடுவே ஐந்து ரூபாய் நாணயம் அளவில் புதுப் பவளம் ஒட்டியிருக்கும். படகோட்டியிடம் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிப் பாருங்கள்.

#11 முத்துநகரான்

நல்லாச் சொன்னீர்கள். ஒரு துணைக்கேள்வி. சுனாமியில் அந்தமானின் வடக்கு மேலே வந்தது, தெற்கு கீழே போனது என்கிறார்களே, அது நிஜமா?

#12 ஈரநிலம்

நிஜம். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் நிலத்தட்டு சாய்ந்துவிட்டது. வடக்கு அந்தமானின் மேற்குக் கரையில் தரை ஒரு மீட்டருக்கு மேல் எழும்பி, பாறைத்திட்டுகள் அப்படியே வெயிலில் வெளியே வந்து செத்தன. தெற்கே போர்ட் பிளேர் பக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. நிகோபாரின் தென்முனை இந்திரா முனையில் கலங்கரை விளக்கத்தின் அடிவாரம் கடலுக்குள் போனது, அங்கே நாலு மீட்டருக்கு மேல் இறக்கம்.

#13 அபர்தீன் பஜார்

இதைத் தனியாக மியூசியத்தில் தேட வேண்டாம். வண்டூர் போகிற வழியில் சிப்பிகாட் வரும். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் பரந்து கிடக்கும், நடுவில் பட்ட மரங்கள். பார்க்கிறவர்கள் "ஆகா, ஏரி" என்று வண்டியை நிறுத்திப் படம் எடுப்பார்கள். அது ஏரி இல்லை, வயல். 2004 வரை நெல் விளைந்தது. தரை தாழ்ந்ததும் கடல் உள்ளே வந்தது, திரும்பிப் போகவில்லை. எங்கள் மாமாவுக்கும் அங்கே கொஞ்சம் நிலம் இருந்தது. இப்போது அதில் கொக்கு நிற்கிறது, இறால் இருக்கிறது, பட்டா மட்டும் பீரோவில் இருக்கிறது.

வண்டூர் ஊருக்கும் ஒரு கதை உண்டு. 1921 மலபார்க் கிளர்ச்சியில் பிடிபட்ட மாப்பிள்ளை முஸ்லிம்களை இங்கே கொண்டுவந்து குடியேற்றினார்கள். அவர்கள் தங்கள் ஊர்ப் பெயர்களையே வைத்துக்கொண்டார்கள். மஞ்சேரி, காலிகட், திரூர், வண்டூர், எல்லாம் தெற்கு அந்தமானில் இருக்கிறது. நீங்கள் பவளம் பார்க்கப் படகேறுகிற துறையே தண்டனைக் கைதிகளின் ஊர். அதனால் "ஒரு நாள் சிறை, ஒரு நாள் கடல்" என்று ஏஜென்ட் பிரிப்பது எனக்கு எப்போதும் சிரிப்பாக இருக்கும். இங்கே எந்தக் கரையில் இறங்கினாலும் யாரையாவது கொண்டுவந்து தள்ளிய கரைதான்.

#14 திருமலை நேசன்

நான் திருகோணமலை. எங்கட நிலாவெளிக்கு முன்னால புறாத்தீவு இருக்கு, 2003இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிச்சவை. யுத்தம் முடியும்வரை ஆள் நடமாட்டம் குறைவு, பவளம் அருமையாக இருந்தது. 2009க்குப் பிறகு படகு படகாகச் சனம். நீந்தத் தெரியாத ஆக்கள் உயிர்காப்பு அங்கி போட்டுக்கொண்டு பவளத்துக்கு மேல எழும்பி நிண்டு செல்ஃபி எடுக்கினம். சுறாக்குட்டி பார்க்க வந்தம் எண்டு சொல்லிப் பாறையை மிதிச்சுக்கொண்டு போறது. கரைக்குக் கிட்ட இருந்த பவளம் முறிஞ்சு கல்லாகக் கிடக்கு. அந்தமானில ஆள் கணக்கு வச்சு, வருசத்தில பாதி நாள் தீவைப் பூட்டி வைக்கினம் எண்டால் அது நல்ல விசயம். குறை சொல்லாதேங்கோ.

#15 புதூர் செல்வி

இவ்வளவு விவரத்துக்கு ரொம்ப நன்றி. மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார். வ.உ.சி. விஷயத்தில் அவருக்கும் வாசு மாதிரியே நினைப்பு, வாத்தியார் ஐயா சொன்னதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் வாதாடினார்.

பெண் குழந்தை பற்றி யாரும் சொல்லவில்லையே?

#16 மருதாணி

எங்கள் மகளும் அந்த வயசில்தான் வந்தாள். தூக்கு அறை தனியாக ஓர் ஓரத்தில் இருக்கிறது, ஒரே நேரத்தில் மூன்று பேரைத் தூக்கிலிடும்படி அமைத்தது. நாங்கள் ஒருவர் மாற்றி ஒருவர் போய்ப் பார்த்தோம், அவள் முற்றத்தில் இருந்தாள். பயந்தது அதற்கு இல்லை. கசையடி கொடுக்கிற சட்டத்தில் ஒரு பொம்மையைக் கட்டிவைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்துத்தான் அழுதாள். முன்கூட்டியே சொல்லிவைத்தால் போதும்.

ஒலி-ஒளிக் காட்சி ஒரு வேளை இந்தியிலும் ஒரு வேளை ஆங்கிலத்திலும் நடக்கும், தமிழில் இல்லை. நாங்கள் பார்த்தபோது வளாகத்து அரசமரமே கதை சொல்வதுபோல் அமைத்திருந்தார்கள். மாமியாருக்கு இரண்டு மொழியும் வராது என்றால் இருட்டில் கொசுக்கடிதான் மிச்சம். காலையில் வழிகாட்டி ஒருவரைப் பிடியுங்கள். தமிழ் பேசுகிறவர் கிடைப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

#17 ஓய்வுபெற்ற வாத்தியார்

மருதாணி சொன்னது சரி. செல்வி அம்மா, மாமனாரிடம் ஒன்று சொல்லுங்கள். செல்லுலார் சிறை வெள்ளைக்காரனோடு முடிந்த கதை இல்லை. 1942 மார்ச்சில் ஜப்பானியர் வந்தார்கள். 1943 டிசம்பர் 30 அன்று நேதாஜி போர்ட் பிளேர் ஜிம்கானா மைதானத்தில் மூவண்ணக் கொடி ஏற்றினார். அந்த இடத்தில் இன்று உயரமான கொடிக்கம்பம், எல்லோரும் படம் எடுக்கிறார்கள். நியாயம்தான்.

ஆனால் அதே நாட்களில் நேதாஜி தலைமை தாங்கிய இந்திய சுதந்திர லீக்கின் ஆட்களையே ஜப்பானியர் உளவாளிகள் என்று சொல்லிச் செல்லுலார் சிறையில் அடைத்து வதைத்துக்கொண்டிருந்தார்கள். லீக்கின் அந்தமான் தலைவர் டாக்டர் திவான் சிங் 1944 ஜனவரியில் அந்தச் சிறையிலேயே செத்தார். ஜனவரி 30 அன்று 44 பேரை ஹம்ஃப்ரிகஞ்சுக்குக் கொண்டுபோய்ச் சுட்டுக் குழியில் தள்ளினார்கள். கொடி ஏற்றி ஒரு மாதம். நேதாஜிக்கு இந்தச் சேதி எட்டவிடாமல் பார்த்துக்கொண்டார்கள் என்பதுதான் பொதுவாக எழுதப்பட்டிருப்பது. ஹம்ஃப்ரிகஞ்சில் சின்ன நினைவிடம் உண்டு. சுற்றுலாப் பேருந்து நிற்காது.

ஹேவ்லாக் போகிறவர்களுக்கும் ஒரு சொல். 1945 ஆகஸ்டில், சரணடையும் தறுவாயில், சாப்பாட்டுக்கு வழியில்லை என்று நூற்றுக்கணக்கானவர்களைப் படகேற்றிக் கொண்டுபோய் அந்தத் தீவுப் பக்கம் கடலில் குதிக்கவைத்தார்கள். கரையேறியவர்களும் பட்டினியில் செத்தார்கள். ராதாநகர் கடற்கரை அழகுதான், மறுக்கவில்லை. அந்தத் தீவுக்கு 2018இல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். இந்தச் செத்தவர்களுக்கு அங்கே ஒரு கல்லாவது நட்டிருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

#18 வீக்கெண்ட் வாசு

ஐயா, உண்மையைச் சொன்னால் இதைப் படித்த பிறகு எலிஃபன்ட் பீச் கொஞ்சம் வேறு மாதிரி தெரிகிறது. இருந்தாலும் கேட்கிறேன்: விடுமுறைக்குப் போகிறவர்கள் எல்லா இடத்திலும் துக்கம் அனுசரிக்க முடியுமா? பிள்ளைகள் தண்ணீரில் விளையாடத்தானே வருகிறார்கள்.

#19 அபர்தீன் பஜார்

விளையாடட்டும் வாசு, யார் வேண்டாம் என்றது? எங்கள் பிழைப்பே நீங்கள் வருவதில்தான். நாங்களும் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குத்தான் போகிறோம். நான் சொல்வது நாள் கணக்கு. எல்லாரும் போர்ட் பிளேரை ஹேவ்லாக் படகுக்குக் காத்திருக்கிற பஸ் ஸ்டாண்டு மாதிரி நடத்துகிறார்கள். நீல் தீவை விட்டுவிட்டால் இரண்டு நாள் மிச்சம். ஒன்று சிறைக்கும் ராஸுக்கும், ஒன்று வண்டூருக்கு.

ராஸ் தீவு (இப்போது நேதாஜி பெயர்) அபர்தீன் ஜெட்டியிலிருந்து சில நிமிஷம்தான். 1941 வரை வெள்ளைக்காரனின் தலைமையிடம் அதுதான். தேவாலயம், பேக்கரி, நடன மண்டபம் எல்லாம் கட்டி வாழ்ந்தார்கள், எதிரே கரையில் கைதிகள். இன்று சுவரையெல்லாம் ஆலவேர் விழுங்கிவிட்டது, மான் திரிகிறது. சிறையைப் பார்த்த அன்றைக்கே அதையும் பாருங்கள், அடுத்தடுத்துப் பார்த்தால்தான் அர்த்தம். நார்த் பே வேண்டுமானால் போங்கள், கூட்டமும் கூச்சலும். பழைய இருபது ரூபாய் நோட்டின் பின்னால் இருந்த படம் அந்தப் பக்கம்தான், கலங்கரை விளக்கத்தோடு. ஆனால் அது ஹேரியட் மலை மேலிருந்து பார்த்த காட்சி. நார்த் பேயில் இறங்கித் தேடினால் கிடைக்காது.

#20 புதூர் செல்வி

சரி, நீலை விட்டுவிட்டோம். ஏஜென்ட் முகம் சுருங்கிவிட்டது, "பேக்கேஜ் ரேட் மாறும்" என்றார். மாறட்டும். ஜாலி பாய்க்கு மாமனார் வரமுடியுமா? குட்டிப் படகு மாறணும் என்கிறார்களே.

#21 அபர்தீன் பஜார்

ஜாலி பாயில் ஜெட்டி கிடையாது. பெரிய படகு தள்ளி நிற்கும், அங்கிருந்து கண்ணாடி அடிப் படகுக்கு இறங்கி, அதிலேயே கரைக்குப் போய் முழங்கால் தண்ணீரில் இறங்கணும். அலை இருந்தால் ஆட்டம் இருக்கும். படகுப் பையன்கள் கைத்தாங்கலாக இறக்கிவிடுவார்கள், அவர்களுக்குப் பழக்கம். முழங்கால் ரொம்ப மோசமில்லை என்றால் வரலாம். போகிற வழியில் அலையாத்திக் காட்டுக்கு நடுவே படகு போகும், அதற்காகவே வரச் சொல்வேன்.

கையில் என்ன கொண்டுவருவது என்று கேளுங்கள். பிளாஸ்டிக் கவர், சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை எதுவும் உள்ளே விடமாட்டார்கள். பையைத் திறந்து பார்ப்பார்கள். எவர்சில்வர் டப்பாவில் புளியோதரையோ சப்பாத்தியோ கட்டிக்கொள்ளுங்கள், தீவில் சாப்பாடு கிடையாது. தண்ணீருக்கும் எவர்சில்வர் பாட்டில்.

வண்டூர் கடற்கரையில் முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும். சும்மா வைத்தது இல்லை. பக்கத்திலேயே லோஹா பராக்கில் உவர்நீர் முதலைச் சரணாலயம். வலை கட்டிய இடத்தைத் தாண்டிப் பிள்ளைகளை இறக்காதீர்கள்.

#22 ஈரநிலம்

சேர்த்து ஒன்று: சங்கு, பவளத் துண்டு, எதையும் பையில் போடாதீர்கள், கரையில் செத்துக் கிடந்தாலும். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்கு என்ன பாதுகாப்போ அதுவே. விமான நிலைய ஸ்கேனரில் பிடித்து எடுத்துவிடுவார்கள், வழக்கும் வரலாம். சன்ஸ்க்ரீன் பூசுவதற்குப் பதில் பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டை போட்டுவிடுங்கள். கோமாளி மீன் இருக்கிற கடல் சாமந்தியைப் படகோட்டி கட்டாயம் காட்டுவார். தொடச் சொன்னாலும் தொட வேண்டாம்.

#23 முத்துநகரான்

ஆவுளியா (கடற்பசு) பார்க்க வாய்ப்பு உண்டா? அந்தமானின் மாநில விலங்கு அதுதானே.

#24 ஈரநிலம்

உண்டு என்று சொல்லி ஏமாற்ற மாட்டேன். கடற்புல் இருக்கிற இடங்களில் எப்போதாவது டைவர்களுக்குத் தட்டுப்படும். உங்கள் பாக் விரிகுடாப் பக்கம்தான் வாய்ப்பு அதிகம். 2022இல் அங்கே 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கென்றே காப்பகமாக அறிவித்தார்களே.

#25 புதூர் செல்வி

முடிவான திட்டம்: முதல் நாள் ஓய்வு, சாயங்காலம் வெற்றிமலை முருகன் கோயில் (மாமியாரின் நிபந்தனை). இரண்டாம் நாள் காலை சிறை, மதியத்துக்கு மேல் ராஸ். மூன்றாம் நாள் வண்டூர், ஜாலி பாய். நான்கும் ஐந்தும் ஹேவ்லாக். ஆறாம் நாள் காலைப் படகில் திரும்பி மதிய விமானம். மூன்றாம் நாள் திரும்பும் வழியில் ஹம்ஃப்ரிகஞ்ச் போக முடியுமா?

#26 அபர்தீன் பஜார்

போகலாம், வண்டி பேசும்போதே அந்தப் பெயரைச் சொல்லிப் பேசிவிடுங்கள். பாதி வழியில் சொன்னால் டிரைவர் "அங்கே ஒன்றும் இல்லை" என்பார்.

ஆறாம் நாள்தான் எனக்குப் பயம். ஹேவ்லாக் படகு காற்று பலமாக இருந்தால் ரத்தாகும், விமானம் காத்திருக்காது. ஹேவ்லாக்கை முன்னால் தள்ளி, ஐந்தாம் நாள் ஜாலி பாய் வையுங்கள். கடைசி ராத்திரி போர்ட் பிளேரில் தூங்குவதுதான் நல்லது.

#27 புதூர் செல்வி

மாற்றிவிட்டேன். ஐந்தாம் நாள் திங்கட்கிழமை இல்லை, பார்த்துவிட்டேன்.

#28 மருதாணி

இடையில் ஒரு கேள்வி, தனி இழை வேண்டாம் என்று இங்கேயே கேட்கிறேன். சென்னையிலிருந்து கப்பலில் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மூன்று நாள் பங்க் வகுப்பில் பிள்ளையோடு தாங்குமா, இல்லை கேபின்தான் எடுக்கணுமா?

#29 அபர்தீன் பஜார்

பிள்ளையோடு என்றால் கேபின். பங்க்கில் ஃபேன் ஓடும், காற்று ஓடாது.